மூட்டை குறைந்த வருடம்: ஒட்டுத்துணிக் குவில்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், அலுமாரிக்கு மேலே கிடந்த மூட்டைகளை இறக்கி எண்ணினேன். தொடங்கிப் பாதியில் விட்ட வேலைகள் பதினொன்று இருந்தன. அவை முடியும்வரை புதிதாக ஒரு துணியும் வெட்டுவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன். ஒரு தடவை மீறினேன், அது கீழே வருகிறது. இந்தப் பொங்கலுக்குள் ஒன்பது முடிந்துவிட்டது. திருகோணமலையில் இந்தக் கிறுக்குப் பிடித்த ஆட்கள் அதிகம் இல்லை. ஆனபடியால் மரக்கறிச் சந்தையிலும் பத்திரகாளி கோயில் வாசலிலும் டச்பே கடற்கரையில் நடக்கும்போதும் மறித்து மறித்துக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நடை நடையாகவே இருக்கும் என்று நினைத்தேன்.

குவில்ட் என்பது என்ன? போர்வைதானே?

போர்வைதான், ஆனால் மூன்று அடுக்கு. மேலே சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு அல்லது மெத்தென்று வேறு ஏதாவது, கீழே ஒரு முழுத்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க ஊடே தையல் ஓடும். அந்தத் தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். துண்டுகளை இணைத்ததோடு நின்றால் அது ஒட்டுவேலை. பாதித் தூரம் வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பெயர் மட்டும்தான் நமக்குப் புதிது. பழைய நூல்சேலையை நான்காக மடித்து, ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைக்கு விரிப்பது எங்கள் வீடுகளில் எப்போதும் இருந்தது. அம்மா ஏணைக்குள் போட்டதும் அதுதான். வங்காளத்தில் இப்படிச் சேலைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்கிறார்கள், மராட்டியத்தில் கோதடி.

இந்த வெக்கையில் இது எதற்கு?

இதைக் கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் சுவரில் கை வைத்தால் சுடும். அப்போது குவில்ட்டை மடியில் வைத்துத் தைப்பதே தண்டனை. நான் அந்த நாட்களில் துண்டு வெட்டுவதும் இணைப்பதுமாகச் சின்ன வேலைகளைப் பார்ப்பேன். பெரியதை மடியில் போடுவது ஐப்பசிக்குப் பிறகுதான்.

ஆனால் கார்த்திகை, மார்கழியில் மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து வரும். விடியப்புறம் நாலு மணிக்கு விசிறியை நிறுத்திவிட்டுச் சாரத்தைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ளாத ஆள் இந்த ஊரில் உண்டா? அந்த இரண்டு மாதத்துக்குப் போதும். அப்புறம், நான் தைக்கிறதெல்லாம் இங்கேயே கிடக்கப் போவதும் இல்லை. மகள் பேராதனையில் படிக்கிறாள், அங்கே விடுதிக் கட்டிலில் மார்கழிக் குளிர் வேறு மாதிரி. தங்கச்சி குடும்பம் டொரொண்டோவில். குளிருக்குப் பஞ்சமே இல்லை.

இங்கே பாவிக்கிறதுக்கு நடுவில் பஞ்சு வைக்கத் தேவையில்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த கட்டில் விரிப்பு ஒன்றை வைத்தால் பாரம் இருக்காது, உடம்பிலும் ஒட்டாது.

நீங்கள் ஆம்பிளை. இந்த வேலை எப்படி வந்தது?

இந்தப் பட்டினத்தில் சேர்ட்டும் காற்சட்டையும் தைத்தவர்கள் எல்லாம் யார்? என் அப்பா டெயிலர். கடை வைத்திருந்தார். பொத்தான் துளை போடுவது எட்டு வயதில் எனக்குத் தெரியும். பிறகு தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் முத்திரை குத்தினேன். இளைப்பாறிய பிறகு பழைய மெசினைத் துடைத்து எண்ணெய் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவர் ஒருவர் இருந்தார், அவர் இப்போது தலையணை உறை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எப்போது தொடங்கியது?

2022 மார்ச்சில். நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய காலம். டீவி இல்லை, விசிறி இல்லை, பெற்றோல் வரிசையில் நிற்க என்னிடம் வாகனமும் இல்லை. அப்பாவின் சிங்கர் கால்மெசின் மட்டும் யாரையும் கேட்காமல் ஓடியது. சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல், அந்தக் கால்மெசின் இல்லாத பழைய வீடு குறைவு. அதில் நேர்த்தையல் ஒன்றுதான் விழும். குவில்ட்டுக்கு அது தாராளம். வளைவு வளைவாகப் பூவேலை செய்யத்தான் வேறு மெசின் வேண்டும், எனக்கு அதில் ஆசை இல்லை.

ஒன்பதும் என்னென்ன?

ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலாவது அப்பாவின் சாரங்கள். எட்டுச் சாரம். மூட்டிய தையலைப் பிரித்தால் ஒவ்வொன்றும் இரண்டு மீற்றர் வரும், ஆனால் இருந்து இருந்து நடுப்பகுதி வலைபோல் ஆகியிருக்கும். அதைத் தள்ளிவிட்டு இரண்டு பக்கத்திலும் பட்டி பட்டியாக எடுத்தேன். சாரத்தில் ஒரு வசதி, கட்டம்தான் அடிமட்டம். கோட்டைப் பிடித்துக்கொண்டு கத்தரித்தால் இழை ஒன்றும் பிசகாது. மூன்று பட்டியைச் சேர்த்து ஒரு சதுரம், அடுத்த சதுரத்தைத் திருப்பி வைப்பது, இப்படியே நெட்டும் குறுக்குமாகப் போகும். வெளிநாட்டார் இதற்கு மரவேலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது கிடுகு பின்னினதுபோல் தெரிந்தது. ஒரு பச்சைச் சாரத்தில் சுருட்டுத் தணல் பட்ட ஓட்டை இருந்தது. பட்டாணிக் கடலை அளவு. அதைத் தவிர்த்து வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை, பின்னால் ஒரு துண்டு வைத்து ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டேன்.

இரண்டாவது மகளுடையது. விடுதிக் கட்டிலுக்கு 48க்கு 78 அங்குலம். ஒன்பது சின்னச் சதுரம் சேர்ந்தது ஒரு கட்டம், அதன் பக்கத்தில் வெறும் துணிச் சதுரம் ஒன்று, இப்படி மாறி மாறி. 6 அங்குலக் கட்டம் எட்டு வரிசையும் பதின்மூன்று நிரையும் என்றால் 104. அதில் பாதி, 52 கட்டத்துக்கு 468 சின்னத் துண்டு. ஒவ்வொன்றாக வெட்டினால் பைத்தியம் பிடிக்கும். நீளப் பட்டிகளை முதலில் இணைத்து, பிறகு குறுக்கே வெட்டி, மாற்றி அடுக்குவதுதான் வழி. கொண்டுபோய்க் கொடுத்த அன்று இரவே மகள் படம் அனுப்பினாள். போர்வைக்குள் அவள் இல்லை, அறைத்தோழி படுத்திருந்தாள்.

மூன்றாவது டொரொண்டோவில் மருமகளுக்குப் பிறந்த பிள்ளைக்கு. 36க்கு 45. போர்த்த அனுப்பினேன், ஆனால் ஒரு வயது ஆகும்வரை தொட்டிலுக்குள் தளர்வான போர்வையோ தலையணையோ வைக்கக் கூடாது, மூச்சு அடைக்கலாம் என்று அங்கே தாதிமார் சொல்லியிருக்கிறார்கள். சரிதான். இப்போது அது நிலத்தில் விரித்துப் பிள்ளையைக் குப்புறப் போடும் பாய். அதற்கென்று தைத்ததுபோலவே இருக்கிறது.

நான்காவதுதான் வாக்கை மீறியது. கந்தோரில் என்னோடு வேலை செய்த நானா ஒருவர், கிண்ணியாக்காரர். 2009இல் பாலம் திறக்கும்வரை பாதைப் படகில் ஏறி வேலைக்கு வந்தவர். தொழுகைக்கு ஒரு முசல்லா தைத்துத் தருவாயா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டார். முடியாது என்று எப்படிச் சொல்வது? உருவம் எதுவும் இல்லாமல், மேல்பக்கம் ஒரு வளைவு வாசல் மட்டும். நெற்றியும் முழங்காலும் படும் இடத்தில் மட்டும் நடுவே இன்னொரு அடுக்கு வைத்தேன். அவருக்கு முழங்கால் வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும்.

ஐந்தாவது அம்மாவின் சீத்தைச் சட்டைகள். நடுவில் சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டிகள், ஒரு பக்கம் வெளிர், மறுபக்கம் கடும். லொக் கேபின், அதாவது மரக்குற்றி வீடு, என்பார்கள். நடுச்சிவப்பு வீட்டு அடுப்பைக் குறிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அம்மா அடுப்படியிலேயே வாழ்ந்தவ, ஆனபடியால் அந்தக் கதையை நானும் வைத்துக்கொண்டேன். நாட்காட்டியில் குறித்து வந்த கணக்கின்படி 74 மணித்தியாலம். ஒன்பதிலும் கூடுதல் நேரம் எடுத்தது இது.

ஆறாவது பாட்டிக் துணியில் கோணேசர் மலையும் கடலும். சுவரில் தொங்குகிறது. மலை பரவாயில்லை. கடல் எனக்குப் பிடிபடவில்லை, நீலம் எல்லாம் ஒன்றாகக் கலந்து தண்ணீர்த் தாங்கிபோல் நிற்கிறது.

ஏழாவது மருதமுனைக் கைத்தறியில் மேசை விரிப்பு. எட்டாவது, டெயிலர் கடைகளில் தை மாதம் பாடசாலைச் சீருடை தைத்து மிஞ்சும் வெள்ளைத் துண்டுகள். வெள்ளையோடு வெள்ளை, இரண்டே அடுக்கு. குவில்ட் என்று சொல்லச் சட்டப்படி உரிமை இல்லை, ஆனால் இந்த வீட்டில் வருடம் முழுக்க உண்மையில் பாவிப்பது அது ஒன்றைத்தான்.

ஒன்பதாவது அறுகோணம். அதற்குத் தனிக் கேள்வி வருகிறது.

அறுகோணக் குவில்ட் என்ன ஆயிற்று? பெரிய கட்டிலுக்கு என்று சொன்னீர்களே?

சொன்னேன். பழைய அப்பியாசக் கொப்பி மட்டையில் 1 அங்குலப் பக்கம் வைத்து அறுகோணம் வெட்டி, துணியை அதன்மேல் மடித்து நூலோட்டி, ஓரத்தோடு ஓரம் கையால் தைப்பது. பஸ்ஸிலும் வைத்தியசாலை வாங்கிலும் இருந்து தைக்கலாம், அதுதான் இதன் சுகம். மூன்று வருடத்தில் 230 சேர்ந்தது.

ஒருநாள் மகள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஒரு அறுகோணத்தின் பரப்பு 2.6 சதுர அங்குலம். 60க்கு 80 கட்டிலுக்கு 4,800. அப்படியென்றால் 1,850 அளவில் வேண்டும். இதே வேகத்தில் போனால் இன்னும் இருபத்தொரு வருடம். அன்று பின்னேரமே இரண்டு குசன் உறையாகத் தைத்து முடித்துவிட்டேன், ஒவ்வொன்றும் 16 அங்குலம். தோல்வி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். கதிரையில் இருக்கிறபோது முதுகுக்கு நன்றாக இருக்கிறது.

ஒன்று முடிந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

முன்பெல்லாம் மேல்துணி சேர்ந்ததுமே முடிந்தமாதிரி ஒரு எண்ணம் வந்துவிடும். மடித்து அலுமாரிக்கு மேலே போட்டுவிடுவேன். பதினொன்று சேர்ந்தது அப்படித்தான். இந்த வருடம் ஒரு விதி வைத்தேன். கரைப்பட்டி சுற்றித் தைத்திருக்க வேண்டும். பின்பக்க மூலையில் யாருக்கு, எந்த ஆண்டு என்று நூலால் எழுதியிருக்க வேண்டும். ஒருமுறை துவைத்திருக்க வேண்டும். ஒருவர் அதில் படுத்து எழும்பியிருக்க வேண்டும்.

கடைசி விதிதான் முக்கியம். துவைக்கப் பயந்து, கொடுக்க மனமில்லாமல் வைத்திருக்கிற குவில்ட் என்னைப் பொறுத்தவரை மூட்டைக்குள் கிடக்கிற துணிதான். "இஞ்சேரப்பா, அப்ப சுவரில தொங்குறதில ஆர் படுத்து எழும்பினது?" என்று மனைவி கேட்டா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேசை விரிப்பும் அப்படியே. அந்த இரண்டையும் கழித்து ஏழு என்றே அவ சொல்லித் திரிகிறா.

என் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஏன்?

தையலுக்கு விடும் கால் அங்குலம் கால் அங்குலமாக இல்லை, வேறு காரணம் தேடாதீர்கள். நீங்கள் ஒரு தையலில் பதினாறில் ஒரு அங்குலம் கூட விட்டால், இரண்டு துண்டிலும் அது போகிறது, ஆக எட்டில் ஒரு அங்குலம். ஒன்பது துண்டு சேர்ந்த வரிசையில் எட்டுத் தையல். எட்டும் சேர்ந்தால் முழுசாக ஒரு அங்குலம் காணாமல் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பிழை, வரிசை முடிவில் பெருவிரல் அகலத்துக்கு நிற்கும்.

பழைய மெசினின் பாதத்து ஓரம் கால் அங்குலம் என்று நம்ப வேண்டாம். அடிமட்டத்தை வைத்து ஊசியை மெதுவாக இறக்கி, ஊசியில் இருந்து கால் அங்குலம் அளந்து, தட்டில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். நான் நாலைந்து அடுக்கு ஒட்டி ஒரு சின்ன வரம்பு கட்டியிருக்கிறேன், துணி அதில் உரசிக்கொண்டு நேராகப் போகும். இரண்டு துண்டைத் தைத்து, மினுக்கி, அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று, மினுக்கும்போது அயன்பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் துண்டு சரிந்து நீளும். டெயிலர் மகனாக இருந்தும் இதை நான் ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

உருள்கத்தி அவசியமா?

இல்லை. துணிமேல் சக்கரம்போல் உருண்டு வெட்டும் அந்தக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா கம்பனி 1979இல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் உலகத்தில் குவில்ட் தைத்தவர்கள் எல்லாரும் கத்தரிக்கோலால்தான் வெட்டினார்கள். நான் முதல் மூன்றையும் பால்மாப் பெட்டி மட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் கீறிக் கத்தரித்தேன். தங்கச்சி ஒன்று கொண்டுவந்து தந்தபிறகு வேலை கெதியாகப் போகிறது, உண்மைதான். கத்தியோடு வெட்டுப்பாயும் தடித்த அடிமட்டமும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள், விரலுக்கு ஆபத்து.

துணி எங்கே எடுக்கிறீர்கள்?

பாதி வீட்டில் இருந்ததுதான். மீதி டெயிலர் கடைகளில் மிஞ்சுவதும், கிலோக் கணக்கில் விற்கும் கார்மென்ட் வெட்டுத் துண்டுகளும். பையில் கை விட்டு எடுக்கும்போது பருத்தியா என்று பார்க்க ஒரு மூலையில் இரண்டு இழை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி கடதாசிபோல் எரிந்து சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் உருகி உருண்டையாகி இறுகும்.

பழைய துணிக்கு மதிப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள், அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததி, தேய்ந்துபோன வேலைச்சட்டைகளை வெட்டித்தான் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தது. 2006இல் அமெரிக்கத் தபால் துறை முத்திரையும் வெளியிட்டது. தபால்காரன் என்பதால் இந்த விசயம் எனக்குக் கொஞ்சம் கூடவே பிடிக்கும்.

கைத்தறி எடுத்தால் ஓரம் உதிரும். அதற்கு மட்டும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள்.

சாயம் இறங்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைப்பீர்களா?

ஊறவைத்தேன், வினாகிரியும் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடையில் வாங்கும் சாயத்துணியில் கூடுதலாக ஏறிய சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் தண்ணீர் தெளியும்வரை துவைப்பதுதான் வழி. சிவப்பும் கருநீலமும் பாட்டிக்கும் என்றால் வெட்டுவதற்கு முன்னமே துவையுங்கள். பருத்தி முதல் துவையலில் சுருங்கவும் செய்யும், நூற்றுக்கு மூன்று நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். தைத்தபிறகு சுருங்கினால் இழுத்துப் பிடிக்க முடியாது.

நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாமா?

வேண்டாம். தலையணைக்கு அதைவிட நல்லது இல்லை, ஆனால் குவில்ட்டுக்குள் ஒரு துவையலில் உருண்டு உருண்டு மூலைக்குப் போய்விடும். தாள்போல் சுருளாக வரும் மெல்லிய பொலியெஸ்டர் பஞ்சு கதிரை மெத்தை தைக்கிறவர்களிடம் கிடைக்கும், குளிர் ஊருக்கு அனுப்புவதற்கு அதுதான் வைக்கிறேன். அதன்மேல் சூட்டு அயன்பெட்டி வைக்கக் கூடாது. நம்மூருக்குப் பழைய விரிப்பு, பழைய நூல்சேலை, பிளனல்.

துருக்கறையைப் பற்றிச் சொன்னீர்களாம், அது என்ன கதை?

கடலோரத்தில் இருக்கிற யாரும் இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். மூன்று அடுக்கையும் விறாந்தையில் விரித்து, நழுவாமல் சேப்டிப் பின் குத்துவது எல்லாரும் செய்கிறதுதான். மகளின் போர்வைக்கு 140 பின் குத்தி ஐப்பசியில் மடித்து வைத்தேன். அந்த நேரம் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். பிறகு மழை. மார்கழி நடுவில் திறந்தால், 140 பின்னைச் சுற்றியும் மண்ணிறத்தில் சின்னச் சின்ன வளையம். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. அதுதான் அந்த வேலை மூட்டைக்குப் போன காரணம்.

இந்த வருடம் உட்கார்ந்து எடுத்தேன். தேசிக்காய்ப் புளியும் தூள் உப்பும் கறையில் தேய்த்து வெயிலில் காய வைத்து அலசுவது. வெள்ளையில் முழுசாகப் போனது. நிறத்துணியில் கவனம், தேசிக்காய் நிறத்தையும் கொஞ்சம் தின்னும், முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டுத் தேசிக்காய் முடிந்தது. வீட்டில் ஒரு கிழமை ஊறுகாய் மணம்.

இப்போது பின்னே குத்துவதில்லை. வெள்ளை நூலால் ஒரு சாண் இடைவெளியில் நெடுந்தையல் நூலோட்டி வைக்கிறேன். எத்தனை மாதம் கிடந்தாலும் துருப்பிடிக்காது, கடைசியில் உருவிவிடலாம். உருள்கத்தி அலகு, குண்டூசி எல்லாம் தையலெண்ணெய் தொட்ட துணியில் சுற்றித் தகரப்பேணிக்குள்.

மான் தின்றது உண்மையா?

உண்மை. பிரட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் தெருவில் திரிவது ஊருக்கே தெரியும், பின்னேரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வரும். வெட்டும்போதும் தைக்கும்போதும் துணி விறைப்பாக நின்றால் வேலை சுத்தமாக வரும் என்பதால் நான் கஞ்சி போடுவேன், சோறு வடித்த கஞ்சியேதான். சாரத்தின் மேல்துணியைக் கஞ்சி போட்டு மதிலில் காயப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன். வந்து பார்த்தால் ஒரு மூலை மானின் வாய்க்குள். நான் இழுக்க, அது இழுக்க, ஒழுங்கையில் பொடியன்கள் கைதட்ட. உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்துவிட்டது.

அப்பாவின் சாரம் மிச்சம் இல்லை. அந்த மூலைக்கு என் சாரத்தில் ஒரு துண்டு வைத்தேன். எட்டும் பச்சையும் மண்ணிறமுமாக இருக்க, ஒரு மூலை மட்டும் ஊதா.

விற்பீர்களா?

இல்லை. 74 மணித்தியாலம் என்றேன் அல்லவா? ஒரு மேசனுக்கு ஒன்பது நாள் கூலி எவ்வளவோ அதை முதலில் வையுங்கள், பிறகு துணி, நூல், பஞ்சு. அந்தத் தொகையைச் சொன்னால் கேட்டவர் முகம் மாறும். குறைத்துச் சொன்னால் என் முகம் மாறும். கொடுக்கிறது என்றால் சும்மா கொடுக்கலாம், அதில் ஒரு சிக்கலும் இல்லை.

நான் தொடங்க வேண்டும். முதலில் என்ன தைப்பது?

மேசை விரிப்போ சட்டி இறக்கும் துணியோ தைக்காதீர்கள், அவற்றில் மூலைகள்தான் அதிகம். பிள்ளைப்பாய் அளவில் ஒன்று, பெரிய சதுரங்கள், 5 அங்குலத்துக்கு வெட்டியது. புதிய ஊசி போடுங்கள், 90/14. கரைப்பட்டிக்கு இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து முன்பக்கம் மெசினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் முடியுங்கள். இந்தக் கடைசி வேலையை டீவி முன்னால் இருந்து செய்யலாம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை: குவில்ட் கணக்கு எல்லாம் அங்குலத்தில், கடையில் மீற்றர். 60க்கு 84 அங்குலப் போர்வைக்குக் கீழ்த்துணி 45 அங்குல அகலத்தில் எடுத்தால் நடுவில் இணைக்க இரண்டு நீளம் வேண்டும், இரண்டு பக்கமும் நாலு அங்குலம் கூட விட்டு. ஐந்து மீற்றர் கேளுங்கள், கொஞ்சம் மிஞ்சும்.

பதினொன்றில் மிச்சம் மூன்று எங்கே?

முசல்லா புதிதாக வெட்டியது, ஆனபடியால் பதினொன்றில் முடிந்தது எட்டுத்தான். மிச்சத்தில் ஒன்று டெட்ரோன் சேர்ட் துண்டுகள். அயன்பெட்டியில் உருகி ஒட்டியது. அதற்குமேல் அதோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பம் இல்லை, சைக்கிள் துடைக்கக் கொடுத்துவிட்டேன்.

மற்றது கவந்தி. கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழி வந்த சித்தி மக்கள் தைப்பது. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், அச்சும் இல்லை அளவும் இல்லை, நாலு மூலையிலும் மடித்த பூத்துண்டு வைப்பார்கள். அளவுகோல் இல்லாமல் தைக்க என் கைக்கு வரவில்லை. அரைவாசியில் நிற்கிறது, இந்த வருடம் முடியும்.

மூன்றாவது நான் தொடங்கியது இல்லை. 1990இல் அப்பா கடையைப் பூட்டிக்கொண்டு வந்தபோது கொண்டுவந்த மூட்டை. வெட்டி, தைக்காமல் விட்ட சேர்ட்டுகள் ஆறு. முன்பக்கம், முதுகு, கை, கொலர் எல்லாம் சுருட்டிக் கட்டி, ஒவ்வொன்றிலும் அளவுச்சீட்டு குத்தியிருக்கிறார். கழுத்து 15, நீளம் 29, பெயர் பாதி அழிந்து. வந்து எடுப்பார்கள் என்று அப்பா கடைசிவரை வைத்திருந்தார். நல்ல பொப்லின், ஒரு பெரிய குவில்ட்டுக்குக் காணும் என்று எண்ணித்தான் நானும் கணக்கில் சேர்த்தேன். கத்தரிக்கோலை எடுத்து இரண்டு தரம் உட்கார்ந்தேன்.

குண்டூசிகள் துருப்பிடித்திருந்ததால் அவற்றைக் கழற்றிவிட்டு, சீட்டுகளை நூலால் ஒரு தையல் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருதரம் விறாந்தையில் வெயில் காட்டுவேன். மதிலில் போடுவதில்லை.